அழுத பிள்ளையும் ராயபுரத்து வாசகசாலையும்

அவைத்தலைவர் அவர்களே, நல்லது கெட்டது எதற்குக் கூப்பிட்டாலும் வந்துவிடும் கவுன்சிலர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த வியாபாரிகள் சங்கத்துப் பெரியவரே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த தம்பிமார்களே, வணக்கம்.

வெளிநாட்டு ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் முதுநிலை மாணவர்களுக்கு மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: கடிதம், நேர்காணல், ஆய்விதழ்.

முதலில் கடிதம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இதோ, நம்ம சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளக்காரன் என்று மறைக்காமல் சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை வைத்தார். 1914 மார்ச்சில் கப்பல் ஏறிவிட்டார். நீங்களோ நூறு பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புகிறீர்கள். ஒருவருடைய கட்டுரையை ஒழுங்காகப் படித்து ஒரு கேள்வி கேளுங்கள், போதும். அமெரிக்காவில் அறிவியல் பிஎச்டி என்றால் பெரும்பாலும் கட்டணத்தையும் கட்டி, மாதச் செலவுக்கும் அவர்களே தருவார்கள். ஏஜென்டிடம் அம்மாவின் வளையலைக் கொடுக்காதீர்கள்.

சரி, நேர்காணல். காசிமேட்டுப் பெண் ஒருத்தி, வேதியியல். ஜனவரி மாதம், சிகாகோவில் பகல் 12 மணிக்குப் பேராசிரியர் கூப்பிடுகிறார். நமக்கு ராத்திரி 11.30. ஒற்றை அறை வீடு. விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகிற அப்பா படுத்துவிட்டார். மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்குப் பார்த்து எதிர்வீட்டில் சாவு. பந்தல் போட்டு கானா நடக்கிறது. ஓடிப்போய், "அண்ணே, அரை மணி நேரம்ணே" என்றாள். பாடுகிறவர், "யாரும்மா பேசறது?" என்றார். "அமெரிக்காகாரருண்ணே." டோலக் நின்றது. இழவு வீட்டு ஆயா, "எங்க வீட்டுக்காரர் காத்திருப்பாரு, நீ பேசு கண்ணு" என்றது. (கைதட்டாதீர்கள், இன்னும் முடியவில்லை.) அவள் வாயைத் திறந்த நேரம் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. பின்னாலேயே நாலு லாரி. "என்ன சத்தம்?" என்று அவர் கேட்க, பாவம், படித்ததெல்லாம் மறந்துபோனது.

இடம் கிடைத்ததா? மறு வருஷம் கிடைத்தது, அண்ணா நகர் சித்தி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியபோது.

ஆக, நம் பிள்ளைக்குத் தேவை ஒரு கதவு. கொளத்தூரில் 2024-இல், உட்கார்ந்து படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் தரும் 'முதல்வர் படைப்பகம்' திறந்தார்கள், சந்தோஷம். நடு ராத்திரியில் காசிமேட்டுப் பெண் அங்கே போய்வர முடியுமா? ராயபுரத்தில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் வாசகசாலை வேண்டும். இணையம், சத்தம் புகாத நாலு சின்ன அறை, வாசலில் ஒரு காவலாளி. கவுன்சிலர் அம்மா சிரிக்கிறார்கள். மறுபடி மறுபடி கேட்பேன் அம்மா. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

நேரமாகிறது என்று சீட்டு வந்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு மூன்றே நாளில் கட்டுரை போடும் ஆய்விதழ்களைப் பற்றி இன்னொரு நாள். டீ மேசையில் மனு இருக்கிறது. பெயரும் வார்டு எண்ணும் எழுதுங்கள். இரண்டே பேனாதான், திருப்பி வைத்துவிட்டுப் போங்கள்.