உயர அடிச்சால் பந்து போச்சு

வணக்கம். உதைபந்தாட்டம் பற்றிக் கதைக்க வரச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல் பள்ளிக்கூட அறிவித்தலில் மட்டும்தான் இருக்கும், மற்றப்படி பந்தடி.

நான் விளையாடியது தொண்ணூறுகளில். இலங்கைப் போரின் பொருளாதாரத் தடைக்காலம், பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, பந்து மட்டும் எங்கிருந்து வரும்? முழுப் பெடியளுக்கும் ஒரு தோல்பந்து. பிளடரில் முள் ஏறினால் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய்ச் சொலுசன் பூசி ஒட்டுவோம், ஒட்டி ஒட்டிப் பந்து ஒரு பக்கம் சரிந்து உருளும், அதற்கும் பழகிவிட்டோம். மாரி பிறந்தால் தண்ணி குடித்துக் கல்லு மாதிரி இருக்கும், அதைத் தலையால் அடித்தவனைக் கேட்டால் தெரியும். சட்டம் ஒன்றுதான்: காட்டுக்குள் அடித்தவன்தான் எடுத்துவர வேண்டும். வெறுங்கால், காரை முள், பாம்பு. அதனால் எங்கள் வாத்தியார் கத்துவதெல்லாம் ‘நிலத்தால குடு, நிலத்தால குடு’.

1994 உலகக்கிண்ண இறுதிப்போட்டி எங்களுக்கு நடுச்சாமம் தாண்டித்தான் தொடங்கியது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். நூற்றிருபது நிமிசமும் ஒரு கோல் இல்லை, கை மாறி மாறிச் சுற்றினோம். இத்தாலியின் பாஜியோ கடைசிப் பெனால்ட்டியைக் கம்பத்துக்கு மேலால் அடித்ததும் சுற்றிக்கொண்டிருந்தவன் துள்ளி எழும்பிவிட்டான், ரேடியோ செத்துப்போச்சு. வாத்தியார் இருட்டுக்குள் இருந்து சொன்னார்: ‘உயர அடிச்சால் இதுதான்.’

சரி, பழக்கிய கதைக்கு வருகிறேன். போர் முடிந்து, முகாமிலிருந்து திரும்பி 2010இல் பெடியளைச் சேர்த்தேன். முதலில் நான் செய்தது பிழை. பதினைந்து பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருவராக அடிக்கவிட்டேன், ஒருவன் அடிக்க மற்றவர்கள் மண்ணில் கோடு கீறிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் செருப்பைக் கோல் கம்பமாக வைத்து, நாலுக்கு நாலு என்று சின்னச் சின்ன ஆட்டமாகப் பிரித்தேன். ஒரு பின்னேரத்தில் ஒருவனுடைய காலில் பந்து எத்தனை தரம் படுகிறது என்பதுதான் விசயம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஐந்தாம் நம்பர் பந்தைக் கொடுப்பதும் பிழை, நாலாம் நம்பர் போதும், அவன் கால் சின்னது.

ஆனால் ஒன்றை நான் பழக்கவில்லை. மைதானம் மிதிவெடி எடுத்துத் துப்புரவாக்கிய நிலம், கிழக்குக் கரையில் கட்டிய நாடாவுக்கு அங்கால் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. அங்கே போன பந்து போனதுதான், எடுக்கப் போகிறவனின் காலை முறிப்பேன் என்று சொல்லிவைத்திருந்தேன், சொல்லத் தேவையே இருக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் பந்தை நிலத்தை விட்டு எழும்ப விடவே மாட்டார்கள். வெளியூரிலிருந்து ஆட வந்த அணியின் பயிற்சியாளர் ‘என்ன வடிவான பாஸ், எப்படிப் பழக்கினீர்கள்’ என்று கேட்டார். நான் கையால் அந்தப் பலகையைக் காட்டினேன்.

சில வருசம் கழித்து மிதிவெடி அகற்றும் ஆட்கள் வேலையை முடித்துப் பலகையைப் பிடுங்கினார்கள். அன்றைக்கே பெடியள் உள்ளே ஓடினார்கள். என் கணக்கில் மூன்று பந்து போயிருந்தது. கொண்டுவந்தது நாலு, வெயிலில் வெடித்து, கறையான் மண் ஏறி. நாலாவதை யார் அடித்தது என்று இன்று வரை ஒருத்தனும் வாய் திறக்கவில்லை.