கேம் ரிலீஸ் தேதி தேடுற டூல்: டிசம்பர் 31-ஐ நம்பாதீங்க

வணக்கம் மக்களே! வரப்போற கேம்ஸ் எல்லாம் என்னைக்கு ரிலீஸ்னு தேடிக் காட்டுற ஒரு டூல் இன்னைக்கு எழுதப் போறோம். தேதிகளை ஐஜிடிபி-ல இருந்து எடுக்கறோம். கேம் லைவ் ஸ்ட்ரீமிங் தளமான ட்விட்ச் 2019-ல வாங்கின கேம் டேட்டாபேஸ் அது. வியாபாரத்துக்கு இல்லேன்னா அதோட ஏபிஐ (நம்ம கோட் நேரா டேட்டா கேட்டு வாங்குற வழி) இலவசம்.

முதல்ல ட்விட்ச் அக்கவுன்ட் வேணும். அதுல டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோட இன்னொரு கோடும் கேக்கற பாதுகாப்பு) ஆன் பண்ணாம டெவலப்பர் கன்சோல்ல ஆப் ரெஜிஸ்டர் பண்ண முடியாது. பண்ணி முடிச்சா க்ளையன்ட் ஐடியும் (ஆப்போட அடையாள எண்) சீக்ரெட்டும் (அதோட பாஸ்வேர்ட் மாதிரி) கிடைக்கும். அந்த ரெண்டையும் கொடுத்து டோக்கன், அதாவது தற்காலிக அனுமதிச் சீட்டு, வாங்கணும். டோக்கன் சுமார் ரெண்டு மாசம் தாங்கும், அதுக்கப்புறம் அனுமதி இல்லேன்னு 401 எர்ரர் வரும். அதனால டோக்கனைக் கையால ஒட்டி வைக்காம, காலாவதி ஆனா தானே புதுசு வாங்குற மாதிரி எழுதிடுங்க. சீக்ரெட்டை பிரவுசர் கோட்ல வைக்கவே கூடாது. பிரவுசர்ல இருந்து நேரா கூப்பிட்டாலும் சிஓஆர்எஸ் (வேற தளத்து டேட்டாவை எடுக்க விடாத பிரவுசர் விதி) தடுத்துடும். நடுவுல ஒரு சின்ன சர்வர் வேணும்.

இப்போ குவெரி, அதாவது டேட்டாபேஸ்கிட்ட கேக்கற கேள்வி. ஏபிஐ-யோட 'ரிலீஸ் டேட்ஸ்' எண்ட்பாயிண்டுக்கு (அதுக்கான முகவரி) போஸ்ட் ரிக்வெஸ்ட் அனுப்பறோம். கேம் பேரு, பிளாட்ஃபார்ம், தேதி, 'ஹ்யூமன்'னு ஒரு ஃபீல்ட், இந்த நாலும் கேளுங்க. ஒவ்வொரு வரி முடிவுலயும் செமிகோலன் விட்டுப்போச்சுன்னா குவெரி தப்புன்னு 400 எர்ரர். எத்தனை வரி வேணும்னு லிமிட் சொல்லலேன்னா 10 தான் வரும், அதிகபட்சம் 500. நொடிக்கு 4 ரிக்வெஸ்ட் தாண்டினா அளவு மீறிட்டீங்கன்னு 429 எர்ரர். இன்னொண்ணு, தேதி யூனிக்ஸ் நொடியில (1970 ஜனவரி 1-ல இருந்து எண்ணின நொடிகள்) இருக்கு. ஜாவாஸ்கிரிப்ட் மில்லி நொடி கொடுக்கும். 1000-ஆல வகுக்காம 'இன்னைக்கு மேல'ன்னு கேட்டா லிஸ்ட்ல ஒண்ணுமே வராது.

சரி, வந்த லிஸ்ட்டைப் பாருங்க. டிசம்பர் 31-ல மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம்? வருஷக் கடைசி நாள்ல யாரும் இத்தனை கேம் விடமாட்டாங்க. கம்பெனி '2026'னு மட்டும் சொல்லியிருந்தா ஐஜிடிபி அதை அந்த வருஷத்தோட கடைசி நாளா வச்சுக்கும். முதல் காலாண்டுன்னா மார்ச் 31. எண்ணை மட்டும் பார்த்தா உறுதியான தேதியா, உத்தேசமான்னு தெரியவே தெரியாது. அதுக்குத்தான் அந்த 'ஹ்யூமன்' ஃபீல்ட்: உறுதின்னா நாள், மாசம், வருஷம் மூணும் இருக்கும், இல்லேன்னா வெறும் '2026' மாதிரி சொன்ன அளவுக்கு மட்டும் இருக்கும். அதை அப்படியே திரையில காட்டுங்க. பொய்யா ஒரு நாளைக் காட்டி, லீவு போட்டுக் காத்திருக்கறவங்களை ஏமாத்தறதைவிட அது எவ்வளவோ மேல்.

யூனிக்ஸ் எண்ணை நீங்களே தேதியா மாத்திக் காட்டறீங்கன்னா யூடிசி-லயே (உலகப் பொது நேரம்) காட்டுங்க. யூடிசி நள்ளிரவு நமக்குக் காலை 5.30, தேதி அதேதான். அமெரிக்காவுல இருக்கறவருக்கு முந்தின நாள்னு விழும்.

ஒரே கேம் ரெண்டு மூணு தடவை வந்தாலும் பதறாதீங்க. பிளாட்ஃபார்முக்கு ஒரு வரி, ரீஜனுக்கு ஒரு வரி. கேம் ஐடி வச்சுச் சேர்த்துடுங்க.

கடைசியா, தினமும் ஒரு தடவை புதுப்பிக்கணும். ஜிடிஏ 6-ஐ எடுத்துக்கங்க: முதல்ல 2025, அப்புறம் 2026 மே 26, அதுக்கப்புறம் நவம்பர் 19. ஹாலோ நைட் சில்க்சாங் இதுக்கு நேர் எதிர். 2025 செப்டம்பர் 4-ன்னு தேதி சொன்னதே ஆகஸ்ட் 21-லதான். வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கிற டூல்ல இந்த மாதிரி அறிவிப்பு பாதி நாள் தெரியாமலே போயிடும். பழைய தேதியை அழிக்காம பக்கத்துலயே ஒரு தனிக் கட்டத்துல வச்சுக்கங்க. புதுசு வேறயா இருந்தா அந்த வரியை மேலே தூக்கி, ரெண்டு தேதியையும் சேர்த்துக் காட்டுங்க.