போய் வந்தவள் சொல்கிறேன்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புக்குரியவர்களுக்கும், கோயில் வீதியில் பாய் விரித்து இருக்கும் அம்மாமாருக்கும், பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

"பல்கலைக்கழக மாணவர் ஒரு செமஸ்டர் வெளிநாடு சென்று படிப்பது ஊருக்கு வரவா, இழப்பா?" இதுதான் தலைப்பு. வரவே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "போன பிள்ளை வருவதில்லை. வளர்த்தது நாங்கள், படிப்பித்தது இந்த நாட்டு இலவசக் கல்வி, அறுவடை வேறு யாருக்கோ" என்றார். நீங்கள் பலமாகக் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்குள் இருக்கும் வலி எனக்கு விளங்குகிறது. வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத வீடு இந்த வீதியில் எத்தனை?

ஆனால் ஐயா, தலைப்பை ஒருதடவை திரும்பப் படியுங்கள். ஒரு செமஸ்டர். பெட்டி படுக்கையோடு குடிபெயர்வதைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் போகிற பிள்ளையின் பதிவு இங்கேயுள்ள பல்கலைக்கழகத்தில்தான் இருக்கும். பட்டம் தருவதும் இந்தப் பல்கலைக்கழகம்தான். அங்கே எந்தெந்தப் பாடம் படிப்பது, அதற்கு இங்கே எத்தனை கிரெடிட் என்று புறப்படும் முன்பே எழுதி, இரண்டு பல்கலைக்கழகங்களும் மாணவரும் கையெழுத்து வைக்கிறார்கள். திரும்பி வந்து மிச்சத்தை முடித்தால்தான் பட்டம். தொழிலுக்குப் போகிற படகுக்கும் கரையை விட்டே போகிற படகுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா நாம்?

ஐரோப்பாவின் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டம் 1987இல் தொடங்கியபோது 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். இன்றைக்கு அந்தத் திட்டத்தில் பங்குபற்றியவர்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டார்கள். பின்னாளில் ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள நாடுகளுக்கும் கதவு திறந்தார்கள், இலங்கைக்கும் திறந்தது. அந்தக் கதவால் போய் வந்தவள் நான். 2018 ஆகஸ்டில் போனேன், டிசம்பர் கடைசியில் வந்தேன். போன இடம் வட நோர்வேயிலுள்ள துரொம்சோ. என் பாடம் முகாமைத்துவம். அப்பாவின் தொழில் கடல்.

நவம்பர் கடைசியில் அந்த ஊரில் சூரியன் உதிப்பதே நின்றுவிடும். ஜனவரி நடுப்பகுதி வரைக்கும் அப்படித்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு வானம் மங்கிய நீலமாக இருக்கும், அவ்வளவுதான். நம் திருகோணமலையில் சுவாமிமலைக்குப் பின்னால் சூரியன் எழும்புவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது தாங்கமுடியாத பாரமாக இருந்தது. அப்படியொரு நாளில் பேருந்துத் தரிப்பிடத்தில் ஒரு ஐயா என்னைப் பார்த்து, "பிள்ளை, தமிழோ?" என்றார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "கன்னியாவில ஏழு கிணறும் அப்படியே இருக்கோ? சுடுதண்ணி வருதோ?" என்றார்.

அவரும் திருகோணமலைதான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடப் படிப்புக்கென்று நோர்வேக்கு வந்தவர். அந்தக் காலத்தில் நம்மவர் பலர் அங்குள்ள மக்கள் உயர்கல்விப் பள்ளிகளுக்கு அப்படித்தான் போனார்கள். ஒரு வருடம் முடிவதற்குள் 1983 கலவரம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டி முப்பத்தைந்து வருடம்.

எதிரணித் தலைவர் அவர்களே, அந்த ஐயாவைத் திரும்பி வரவிடாமல் பிடித்து வைத்தது படிப்பா? சொல்லுங்கள். அவருடைய பாயையும் தலையணையையும் வீட்டோடு எரித்தது எது என்று இந்த வீதிக்கே தெரியும். யுத்தம் துரத்திய கணக்கைப் படிப்பின் பெயரில் எழுதாதீர்கள்.

அவருக்கும் முன்னால் போன ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்குப் போனார். நோர்வேயில் குடியேறிய முதல் ஈழத் தமிழர் என்று அவரைச் சொல்வார்கள். மீன்பிடித் தொழிலை அங்கே கற்றுக்கொண்டார். அறுபதுகளில் நோர்வே மக்களின் உதவியைத் திரட்டி, காரைநகரில் படகு கட்டும் வேலையைத் தொடக்கிவைத்தார். அதுதான் சீநோர். இங்கே இருக்கும் வயதான மீனவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம். சீநோர் படகில் நின்று வலை இழுத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். அவர் நோர்வேயில் குடியேறியவர், உண்மைதான். ஆனால் அவர் அங்கே கற்றது இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் என்ன கொண்டுவந்தேன்?

துரொம்சோவில் ஒரு பாடத்துக்காக எங்களை மீன் இறங்குதுறைக்குக் கூட்டிப்போனார்கள். சின்னப் படகு ஒன்று வந்தது, இரண்டே பேர். கொட் மீனைத் தொட்டியோடு தராசில் ஏற்றினார்கள். மீனவர் தராசைப் பார்த்தார், வாங்குபவரும் பார்த்தார். உடனே ஒரு சீட்டு வந்தது. என்ன மீன், எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, இன்ன படகு, இன்ன திகதி. இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். ஐந்து நிமிடமும் ஆகவில்லை. நான் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூட வந்த பிள்ளைகள் பேருந்துக்குப் போய்விட்டார்கள்.

ஏன் நின்றேன் என்று இந்த ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. நம் கரையில் என்ன நடக்கிறது? விடிய முன்னம் படகு வரும். சூரையோ பாரையோ மணலில் கொட்டப்படும். விலையைச் சொல்பவர் வாங்குபவர். முன்பணம் வாங்கியிருந்தால் வாயே திறக்க முடியாது. நிறுப்பதும் அவருடைய தராசு. அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனார். ஒருநாளாவது தன் மீனுக்குத் தான் விலை சொன்னதில்லை.

நோர்வேயிலும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. முப்பதுகளில் மீன் விலை விழுந்து மீனவக் குடும்பங்கள் வறுமையில் கிடந்தன. 1938இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கரைக்கு வரும் மீனின் முதல் விற்பனை மீனவர்களுடைய சொந்த விற்பனைச் சங்கத்தின் வழியாகத்தான் நடக்கவேண்டும். குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கும் உரிமையும் சங்கத்துக்கே. அதற்குக் கீழே யாரும் வாங்க முடியாது. சட்டத்தின் பெயர் பிறகு மாறியது, முறை இன்றும் இருக்கிறது. அப்படியொரு சங்கத்தின் தலைமையகம் நான் படித்த அதே ஊரில், நான் தினமும் நடந்துபோன தூரத்தில் இருந்தது.

அன்றிரவு அப்பாவுக்கு அழைப்பெடுத்துச் சொன்னேன். அப்பா பேசாமல் கேட்டார். பிறகு, "அப்ப அங்க பிடிக்கிறவன்தான் விலை சொல்லுறானோ?" என்றார். ஓம் அப்பா என்றேன். "திரும்பச் சொல்லு" என்றார். திரும்பச் சொன்னேன்.

நான் வந்ததும் சட்டம் எதுவும் மாறிவிடவில்லை. அப்படிச் சொன்னால் பொய். செய்தது சின்ன வேலை. எங்கள் கரையில் பதினொரு படகுக்காரர் சேர்ந்து சொந்தத் தராசு ஒன்று வாங்கினார்கள். தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு போட்டுக் கொடுத்தேன்: மீன், கிலோ, விலை, வாங்கியவர் கையெழுத்து. விடியற்காலையில் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பேலியகொட மீன் சந்தைக்கு அழைப்பெடுத்து அன்றைய விலையைக் கேட்டுக்கொண்டுதான் கூலர் லொறிக்காரரோடு பேசத் தொடங்குவார்கள். முதல் மாதம் இரண்டு வியாபாரிகள் கையெழுத்து வைக்க மறுத்தார்கள். மூன்றாம் மாதம் வைத்தார்கள். இப்போது ஆறாவது கொப்பி ஓடுகிறது. அதை எழுதுவது அப்பா. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட அப்பா.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்கு ஏறியது. படகுகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. அப்போது என்னைப் பார்த்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அங்கேயே நின்றிருக்கலாமே, ஏன் பிள்ளை வந்தாய்?" அன்பில்தான் கேட்டார்கள். அந்த வாரம் நாங்கள் கொப்பியைத் திறந்து உட்கார்ந்தோம். எந்த மீனுக்கு, எத்தனை லீற்றர் எரித்துப் போனால் கட்டும், எதற்குப் போகாமல் இருப்பது நல்லது என்று மூன்று வருடக் கணக்கு கையில் இருந்தது. ஊரே இருட்டில் கிடந்தபோது எங்கள் கரையில் கணக்கு இருந்தது. ஏன் வந்தேன் என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தக் கொப்பிதான்.

அடுத்து, காசு. "இது காசுள்ள வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். முழுப் பட்டத்துக்கு வெளிநாடு போவதென்றால் அவர் சொல்வது சரி. ஜேர்மனிக்குப் படிக்கப் போக விசா எடுப்பதற்கு, வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ என்று 2024இல் ஆனது. எந்த மீனவர் வீட்டில் இருக்கிறது? நோர்வே அரச பல்கலைக்கழகங்கள்கூட 2023 இலையுதிர் காலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டன. ஆனால் பரிமாற்ற ஒப்பந்தத்தில் போகிற மாணவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. எராஸ்மஸில் மாதச் செலவுக்கு உதவித்தொகையும் பயணக் காசும் உண்டு. ஆகவே ஐயா, காசில்லாத வீட்டுப் பிள்ளை வெளிநாட்டு வகுப்பறையில் உட்கார்வதற்கு இருக்கும் மிகச் சில வழிகளில் ஒன்று இது. அதையும் அடைத்துவிட்டால் காசுள்ளவன் வேறு வழியால் போவான். நின்றுவிடுவது எங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

குறை இல்லையென்று நான் சொல்லவில்லை. முதல் தவணைக் காசு நான் போய்ச் சேர்ந்து ஐந்து வாரத்துக்குப் பிறகுதான் வந்தது. விமானச் சீட்டுக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. விண்ணப்ப அறிவித்தல் எங்கள் கண்ணில் பட்டபோது முடிவுத் திகதிக்கு நான்கு நாள்தான் இருந்தது. ஒரு அலுவலகத்தில் ஒரேயொரு முத்திரைக்காக இரவு மெயில் ரயிலில் கொழும்புக்குப் போனேன். அன்றைக்கு அதிகாரி இல்லை, மறுநாள் வரச்சொன்னார்கள். கோட்டை ரயில் நிலைய வாங்கில் இரவு முழுக்க அம்மாவும் நானும் இருந்தோம். கொழும்பில் இருக்கிற பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை அது. இதையெல்லாம் திருத்தச் சொல்லிச் சண்டை பிடிப்போம், எதிரணியும் வாருங்கள். ஆனால் கிணற்றில் வாளி சரியில்லையென்று கிணற்றை மூடுவார்களா?

"எல்லாம் இப்போது இணையத்தில் இருக்கிறதே" என்றார் மூன்றாமவர். இருக்கிறதென்றே தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது? மீன் விற்றதற்குச் சீட்டுக் கொடுப்பார்கள் என்ற நினைப்பே எனக்கு அந்தத் தராசின் முன்னால் நின்றபோதுதான் வந்தது.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம். பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் ஓடவேண்டும். இங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாக நடக்கிறது. இந்தியாவுக்கு வெளியே அதைப் பட்டமாகப் படிக்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. இந்த நாட்டில் யாழ்ப்பாணத்தை விட்டால் நம்மிடம்தான். அந்த வகுப்பில் ஒரு செமஸ்டர் உட்கார வெளிநாட்டுப் பிள்ளை ஏன் வரக்கூடாது? நம் பிள்ளை போனால்தான் அந்தப் பிள்ளை வரும். கதவு ஒருபக்கம் மட்டும் திறக்காது.

கடைசியாக ஒன்று. சாம்பல்தீவில் ஒரு தங்கை இருக்கிறாள், மூன்றாம் வருடம். பரிமாற்றப் படிவம் அவள் மேசையில் ஒரு கிழமையாகக் கிடக்கிறது. எல்லாம் நிரப்பிவிட்டாள், அப்பாவின் கையெழுத்து மட்டும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவர் என்னிடம் வந்து, "வந்திடுவாளா பிள்ளை?" என்று கேட்டார். எதிரணி கேட்கிற அதே கேள்விதான், தகப்பனின் வாயிலிருந்து வந்தது. நான் வாதம் எதுவும் செய்யவில்லை. கரைக்குக் கூட்டிப்போய், அப்பா எழுதிக்கொண்டிருந்த கொப்பியைக் காட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

அவர் இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். ஐயா, படிவத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். சட்டைப்பையில் பேனை இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது.

நடுவர் ஐயா மணி அடித்துவிட்டார். நன்றி, வணக்கம்.