லண்டன் தெருவில் இரண்டு எல்டர்கள்

(வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

லண்டனில் இருக்கிற நாம் எல்லோருமே அவர்களைப் பார்த்திருப்போம். வெள்ளைச் சட்டை, டை, முதுகில் ஒரு பை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப் பட்டை. மழித்த முகம். வயது பதினெட்டு, பத்தொன்பது. எப்போதும் இரண்டு பேர். பஸ் நிறுத்தத்தில் அவர்கள் நம் பக்கம் திரும்பிச் சிரித்த உடனே நாம் என்ன செய்வோம்? வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வோம். சிரிக்கிறீர்கள், அப்படியானால் செய்திருக்கிறீர்கள்.

அந்தப் பையன்கள் மார்மன் சபைக்காக மதம் பரப்ப வந்தவர்கள். அவர்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. நான் அந்த மதத்தைச் சேர்ந்தவன் இல்லை, அவர்கள் கொள்கை சரியா தவறா என்று வழக்காடவும் வரவில்லை. சில பேர் என் வீட்டுக்கு வந்து பேசியிருக்கிறார்கள். கொஞ்சம் வரலாறு படித்திருக்கிறேன். அவ்வளவுதான்.

முதலில் பெயர். நாம் மார்மன் என்கிறோம். சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830 இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. தலைமையகம் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டி. மார்மன் என்ற பட்டப்பெயரை விட்டுவிடுங்கள் என்று 2018 இல் அவர்களே கேட்டுக்கொண்டார்கள். ஆனாலும் ஊர் வாயை மூட முடியவில்லை. இன்று நானும் அந்தப் பெயரையே சொல்லப் போகிறேன், மன்னிக்க வேண்டும்.

உலகம் முழுக்க இப்படி 70,000 பேருக்கு மேல் ஊழியத்தில், அதாவது மதம் பரப்பும் வேலையில், இருக்கிறார்கள். பையன்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை வருடம். 2012 இல் பையன்களின் குறைந்தபட்ச வயதை 19 இலிருந்து 18 ஆகவும், பெண்களுடையதை 21 இலிருந்து 19 ஆகவும் குறைத்தார்கள். அதற்கப்புறம் பெண்கள் நிறையப் பேர் வரத் தொடங்கினார்கள். பையன் என்றால் 'எல்டர்', பெண் என்றால் 'சிஸ்டர்', பின்னால் குடும்பப் பெயர். அந்த இரண்டு வருடமும் அம்மா வைத்த பெயர் சொல்லி அவனைக் கூப்பிட பக்கத்தில் யாரும் கிடையாது.

எங்கே போவது என்று அவன் தீர்மானிக்க முடியாது. விண்ணப்பம் போடுவான், சால்ட் லேக் சிட்டியிலிருந்து பதில் வரும். முன்பெல்லாம் தபாலில் பெரிய வெள்ளை உறை வரும். சொந்தபந்தம் எல்லாம் கூடி உட்கார்ந்திருக்க, அதைப் பிரித்துப் படிப்பார்கள். இப்போது இணையத்தில் வருகிறது, கூட்டம் மட்டும் அப்படியே கூடுகிறது. பிரேசில் என்றும் வரலாம், அடுத்த மாநிலம் என்றும் வரலாம், லண்டன் என்றும் வரலாம்.

சம்பளம் எவ்வளவு என்று இடைவேளையில் ஒரு நண்பர் கேட்டார். சம்பளமே கிடையாது. பணம் இவர்கள்தான் கட்ட வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து வருபவர் மாதம் 400 டாலர் கட்டிக்கொண்டிருந்தார், 2020 ஜூலையிலிருந்து 500. செலவு குறைந்த ஊருக்குப் போனாலும் லண்டனுக்கு வந்தாலும் தொகை ஒன்றுதான். பள்ளிக்கூட நாளிலேயே கடையில், பண்ணையில் வேலை பார்த்துச் சேர்த்த காசாக இருக்கும், இல்லாவிட்டால் குடும்பம் கொடுக்கும்.

முதலில் பயிற்சி. பெரிய பயிற்சி நிலையம் யூட்டாவில் ப்ரோவோ நகரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் அவர்களின் பிரஸ்டன் கோயிலுக்குப் பக்கத்தில், சோர்லியில் ஒன்று. அப்புறம் நேராகத் தெரு.

காலை 6:30க்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், காலை உணவு. பிறகு தனியாகப் படிப்பு, துணையோடு சேர்ந்து படிப்பு. பத்து மணிவாக்கில் வெளியே கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத் திரும்புவார்கள். 10:30க்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017 இல் இந்த நேரக்கணக்கை ஊருக்குத் தகுந்தபடி கொஞ்சம் தளர்த்தினார்கள், ஆனாலும் சட்டகம் அதுதான். டிவி இல்லை, சினிமா இல்லை, காதல் இல்லை, நீச்சல்கூட இல்லை. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, 'பி-டே', அதாவது தயாரிப்பு நாள். துணி துவைக்க, சாமான் வாங்க, முடி வெட்ட, ஊர் பார்க்க. லண்டனில் இரண்டு வருடம் இருந்தவன் லண்டனைப் பார்த்தது அந்தத் திங்கட்கிழமைகளில்தான். வீட்டுக்குப் பேசுவதும் அன்றைக்குத்தான். 2019 வரை அதுவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அன்னையர் தினத்துக்கு ஒரு போன், மற்றபடி வாரம் ஒரு மின்னஞ்சல். அந்த வருடம் பிப்ரவரியில்தான் வாரா வாரம் வீட்டுக்குப் போன் செய்யலாம், வீடியோவிலும் பேசலாம் என்றார்கள். அம்மாக்கள் எல்லாம் அழுதிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் பிள்ளையை அனுப்பிய அம்மாக்கள் வேறு காரணத்துக்காக அழுதிருப்பார்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். கதவைத் தட்டுவதுதான் இவர்கள் வேலை என்று நினைக்கிறோம். பெரிய நகரத்தில் தட்டுவதற்குக் கதவு ஏது? இன்டர்காம் பொத்தான்கள்தான் இருக்கின்றன. நாற்பது வீட்டுக்கு ஒரு வாசல், அதற்கு ரகசிய எண். பொத்தானை அழுத்தினால் 'யாரது?' என்று ஒரு குரல், பதில் சொல்லி முடிப்பதற்குள் 'வேண்டாம்'. அதனால் தெருவில் பேசுகிறார்கள். பஸ்ஸில், ஸ்டேஷன் வாசலில், பூங்காவில். இலவச ஆங்கில வகுப்பு நடத்துகிறார்கள். இப்போது கையில் ஸ்மார்ட்போன் இருப்பதால் ஃபேஸ்புக்கிலும் ஆள் தேடுகிறார்கள். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தவனை நினைத்துப் பாருங்கள். அவன் ஊரில் எதிரில் வருபவரிடம் நின்று பேசாமல் போனால்தான் தப்பு. இங்கே ட்யூப் ரயிலில் முன்பின் தெரியாதவரிடம் குட் மார்னிங் சொன்னாலே பெட்டியில் இருக்கிற எல்லோரும் செய்தித்தாளுக்குள் போய்விடுகிறார்கள்.

இது இன்றைக்கு வந்த கஷ்டமும் இல்லை. 1837 இல் இவர்களின் முதல் ஊழியக்காரர்கள் இங்கிலாந்துக்கு வந்து, பிரஸ்டனில் ரிப்பிள் ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 1840 இல் வில்ஃபர்ட் உட்ரஃப் என்பவர் ஹெர்ஃபர்ட்ஷயருக்குப் போனார். அங்கே மெத்தடிஸ்டுகளிலிருந்து பிரிந்து ஒரு தனிக் குழு இருந்தது, ஏறக்குறைய 600 பேர். பென்போ என்ற விவசாயியின் பண்ணைக் குளத்தில் வைத்து ஞானஸ்நானம் கொடுக்க ஆரம்பித்தார், சில மாதங்களில் கிட்டத்தட்ட மொத்தக் குழுவும் சேர்ந்துவிட்டது. அந்தத் தெம்போடு உட்ரஃப், ஹீபர் கிம்பல், ஜார்ஜ் ஏ. ஸ்மித் மூன்று பேரும் ஆகஸ்டில் லண்டனுக்கு வந்தார்கள். ஸ்மித்துக்கு அப்போது 23 வயது. கூட்டம் நடத்த இடம் தேடி அலைந்தார்கள், போதகர்களைப் போய்ப் பார்த்தார்கள், டேபர்நாக்கிள் சதுக்கத்தில் நின்று பேசினார்கள். அந்த மாதக் கடைசியில் ஞானஸ்நானம் எடுத்தது ஒரே ஒருவர், ஒரு கடிகாரக்காரர். குளத்தங்கரையில் வரிசையில் நின்ற ஜனத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு லண்டன் கொடுத்தது அவ்வளவுதான். நகரம் அவர்களை அடிக்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. கண்டுகொள்ளவில்லை. இன்றைக்கு வருகிற பையனுக்கும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

சரி, தினமும் பதினொரு மணி நேரம் 'வேண்டாம்' என்று கேட்டுக்கொண்டே ஒரு பத்தொன்பது வயதுப் பையன் எப்படி உடைந்துபோகாமல் இருக்கிறான்? அந்தச் சபை கண்டுபிடித்த பதில் ஒன்றே ஒன்று என்று நான் நினைக்கிறேன்: அவனைத் தனியாக விடாதே. துணை என்று ஒருவன் எப்போதும் கூடவே இருப்பான். 'கம்பேனியன்' என்பார்கள். குளியலறை தவிர எங்கே போனாலும் ஒருவர் பார்வையில், ஒருவர் காதுக்கு எட்டும் தூரத்தில் மற்றவர் இருக்க வேண்டும். ஒரே அறையில் தூக்கம். கடைக்குப் போனால் இருவரும், டாக்டரிடம் போனால் இருவரும்.

யாரோடு என்பதை அந்தப் பகுதி ஊழியத்துக்குப் பொறுப்பான மிஷன் தலைவர்தான் தீர்மானிக்கிறார். பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம் மாதிரிதான், ஜாதகம்கூடப் பார்ப்பதில்லை. யூட்டாக்காரனுக்கு கானாக்காரன், பிலிப்பினோவுக்கு ஜெர்மன்காரன். ஒருவன் பாத்திரம் கழுவ மாட்டான், இன்னொருவன் குளிக்கும்போது பாடுவான். ஒருவன் விதிப்புத்தகத்தை வரிக்கு வரி பார்ப்பான், மற்றவன் பத்து நிமிடம் கூடத் தூங்குவான். கோபம் வந்தால் எழுந்து வெளியே போகக்கூட முடியாது, அவனும் கூடவே வர வேண்டுமே! ஆறு வாரத்துக்கு ஒருமுறை 'டிரான்ஸ்ஃபர்' செய்தி வரும். யார் இருப்பது, யார் போவது, யாரோடு யார் என்று. பிடித்த துணை அப்போது போய்விடலாம், பிடிக்காதவன் இன்னொரு ஆறு வாரம் இருந்துவிடலாம். என் வீட்டுக்கு வந்த ஒரு எல்டரிடம் இங்கே எது கஷ்டம் என்று கேட்டேன். மழையைச் சொல்வான், மூஞ்சியில் கதவைச் சாத்துகிறவர்களைச் சொல்வான் என்று பார்த்தால், பக்கத்தில் இருந்தவனைக் கண்ணால் காட்டிச் சிரித்தான். அவனும் சிரித்தான். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

தெருவில் அவமானப்பட்டால் அதைப் பார்த்த இன்னொருவன் இருக்கிறான், ராத்திரி சொல்லிச் சிரிக்கலாம். இந்த ஏற்பாட்டின் பலம் அது. ஆனால் மனது சரியில்லாதபோது ஐந்து நிமிடம் தனியாக உட்கார்ந்து அழவும் இடம் கிடையாது. மனச்சோர்வு வந்து பாதியில் ஊர் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். திரும்பினால் ஊரில் பார்க்கிற பார்வையும் சுகமாக இருப்பதில்லை. சபைக்கும் இது தெரிந்திருக்கிறது. ஊழிய வாழ்க்கையின் மனஅழுத்தத்தைச் சமாளிக்க 2013 இல் ஒரு கையேடே போட்டார்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று தன் நிலைமை எந்த நிறத்தில் இருக்கிறது என அவனே பார்த்துக்கொள்ளலாம். நல்ல விஷயம்தான். எனக்கு ஒப்பாதது கணக்கு கேட்பது. வாராவாரம் எத்தனை புதிய ஆட்களுக்குப் பாடம் நடந்தது, எத்தனை பேர் ஞாயிறு ஆராதனைக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு ஞானஸ்நான நாள் குறித்தாயிற்று என்று எண்கள் மேலே போகின்றன. ஒரு வயதானவரின் வீட்டில் பரணிலிருந்து பெட்டி இறக்கிக் கொடுத்துவிட்டு, அவர் பேச்சை ஒரு மணி நேரம் கேட்ட பிற்பகலை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

யார் இவர்களை உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் இன்னொன்று புரியும். பரம்பரை லண்டன்காரர்கள் கொஞ்சம்தான். நைஜீரியாவிலிருந்து, கானாவிலிருந்து, பிரேசிலிலிருந்து, பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர்கள், படிக்க வந்த மாணவர்கள், இந்த ஊரில் பேச ஆள் இல்லாதவர்கள். வீட்டை விட்டு வந்த பையன், வீட்டை விட்டு வந்த இன்னொருவரின் சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். உரையாடல் ஜோசப் ஸ்மித்தில் தொடங்கினாலும் பத்தாவது நிமிடம் அம்மா சமையலுக்கு வந்துவிடுகிறது. சபையில் சேருகிறவர்களில் சிலர் கொள்கையைவிட இந்த உட்காருதலுக்காகத்தான் சேருகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நம் வீடுகளில் ஒரு சங்கடம் உண்டு. வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் அனுப்பினால் நமக்குத் தூக்கம் வராது. அவர்களுக்கு டீயும் காப்பியும் ஆகாது, மதுவும் புகையிலையும் போல அவையும் விலக்கு. ஒரு அக்கா விடாமல் மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் 'நோ தேங்க் யூ' கேட்டு, நம் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்கிறார்களே என்று வருத்தப்பட்டார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஹார்லிக்ஸ் கலந்து கொண்டுவந்தார். இரண்டு பேரும் ரசித்துக் குடித்தார்கள். கூட வைத்த மிக்சரையும் காலி பண்ணினார்கள். அந்த வயதுப் பையன்கள், நாள் முழுக்க நடப்பவர்கள், எந்நேரமும் பசிதான். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் இரண்டு வேளை பட்டினி இருப்பார்கள், அன்றைக்கு வந்தால் வற்புறுத்த வேண்டாம். இன்னொன்று, ஒரு பெண் வீட்டில் தனியாக இருந்தால் எல்டர்கள் உள்ளே வர மாட்டார்கள். வாசலிலேயே நின்றால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள், அவர்கள் விதி அது.

இரண்டு வருடம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு பெரும்பாலோர் கல்லூரிக்குப் போகிறார்கள், சிலர் சீக்கிரமே கல்யாணம் செய்துகொள்கிறார்கள். மிட் ராம்னி, 2012 இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர், இளம் வயதில் பிரான்சில் இரண்டரை வருடம் இதே வேலை பார்த்தார். ஒயின் விளைகிற நாட்டில் மது குடிக்காத மதத்தைப் பரப்பப் போனவர். அதற்குப் பிறகு பார்த்த எந்தத் தேர்தல் தோல்வியும் அவருக்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, பின்வரிசையில் ஒரு அம்மா கேட்டார்கள்: அவர்கள் வந்தால் என்னதான் சொல்வது என்று. பேச விருப்பம் இருந்தால் உட்கார வைத்துப் பேசுங்கள், ஊர் பெயரைக் கேளுங்கள், அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கலாம். விருப்பம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். நமக்கு முகத்துக்கு நேரே மறுக்க வராது. 'அடுத்த வாரம் பார்க்கலாமே' என்று நழுவுவோம். அவர்கள் அதை அப்படியே நம்பி, போனில் நாள், நேரம் எல்லாம் குறித்துக்கொண்டு, அடுத்த வியாழக்கிழமை மழையில் மூன்று பஸ் மாறி வந்து மணி அடிப்பார்கள். நாம் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்போம். அதை மட்டும் செய்யாதீர்கள் அம்மா.

வேறு கேள்விகள் இருந்தால் கேட்கலாம், நேரம் இருக்கிறது.