இலை கிள்ளிய குச்சி

(போச்சம்பள்ளியில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரை)

என் தோழமைக்குரிய ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

34 ஆண்டுகள் கரும்பலகை முன்னால் நின்றேன். ஓய்வுபெற்ற மறு ஆண்டு, சந்தூரில் ஒரு நாற்றங்காலில் தரையில் உட்கார்ந்து மா ஒட்டுக் கட்டக் கற்றேன். கற்றுக்கொடுத்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

மாங்கொட்டை போட்டு முளைத்த செடியின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளக்கிறோம். நல்ல மரத்துக் குச்சியின் அடியை ஆப்பு போலச் சீவி, அந்தப் பிளவில் செருகிக் கட்டுகிறோம். கேட்க எளிது. நான் முதலில் கட்டிய நாற்பதில் மூன்றுதான் துளிர்த்தன. "கத்தி ஒரே இழுப்பில் போக வேண்டும் சார். மறுபடி சீவினால் மேடு பள்ளமாகிவிடும், பட்டையோடு பட்டை சேராது" என்றார். குச்சியை வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே, மரத்தில் இருக்கும்போதே, இலைகளைக் கிள்ளிவிட வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். காம்பு மட்டும் நிற்கும். அப்போதுதான் மொட்டு பருக்கும்.

ஒருநாள் வங்கியிலிருந்து வந்த தாளை நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொல்லிவிட்டு, "எழுத்துக் கற்றுத் தரட்டுமா அம்மா?" என்றேன். "இந்த வயதிலா? பேரன் சிரிப்பான் சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. மூன்று வயதுக் குழந்தை ஒரு நாளில் எத்தனை 'ஏன்' கேட்கிறது! நடுவில் எங்கோ ஓரிடத்தில் தெரியாது என்று சொல்வது அவமானமாகிவிடுகிறது. தவறாகப் பதில் சொன்ன பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரித்தபோது நாம் தடுத்தோமா? நான் பலமுறை தடுக்கவில்லை. அதை இந்த மேடையில் வருத்தத்தோடு சொல்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. நம் கிருஷ்ணகிரி 71. பக்கத்துத் தருமபுரி 68.5, மாநிலத்திலேயே கடைசி. ஆடு மேய்க்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகள் இன்று பாட்டிகளாக நம் தெருவிலேயே இருக்கிறார்கள். சாகும்வரை ஒருவன் கல்லாதிருப்பது ஏன் என்று வள்ளுவர் கேட்டார்; 'சாந்துணையும்' என்பது அவர் சொல். அந்தப் பாட்டிகளைப் பார்த்து அதைக் கேட்க எனக்கு வாய் வராது. நம்மைப் பார்த்துக் கேட்கலாம். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றைச் செல்போனில் முகம் காட்டியே பதிவு செய்யும் வசதி வந்துவிட்டது. பேத்தியிடம் அதைக் கற்றுக்கொள்ளக் கூச்சப்பட்டு, அலுவலக வாசலில் எத்தனை பேர் காத்து நிற்கிறோம்?

அந்த அம்மாவிடம் அரிச்சுவடியை நான் எடுத்துச் செல்லவில்லை. பிரேசில் நாட்டின் கல்வியாளர் பாவ்லோ பிரையரே 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு, அவர்கள் வாழ்வில் புழங்கும் சொற்களைக் கொண்டே எழுத்துக் கற்பித்தார். நானும் கன்றில் கட்டும் சீட்டை எடுத்தேன். 'செந்தூரா' என்ற மா ரகத்தின் பெயரை எழுதிக் காட்டினேன். இலையைத் தடவிப் பார்த்தே ரகம் சொல்லும் அவருக்கு அந்தச் சொல் அந்நியமாக இல்லை. அடுத்து 'பெங்களூரா'. பேரன் சிரிக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டைப் பிடித்துக்கொண்டான்.

இன்று அந்த நாற்றங்காலில் தொங்கும் சீட்டுகளில் பாதி அவர் எழுதியவை. 'தூ'வை இன்னும் 'து' என்றே எழுதுகிறார். நான் கட்டுவதில் பத்துக்கு நான்கு இன்னும் பட்டுப்போகிறது. வியாழக்கிழமை மாலைகளில் இருவரும் உட்காருகிறோம். நீங்களும் வாருங்கள். கத்தி இருக்கிறது, சிலேட்டும் இருக்கிறது.