நெய்மர் ஐந்தாவதாம், கேட்டீங்களா மக்களே!

எல்லாருக்கும் வணக்கம், உவரியிலிருந்து பேசுகிறேன். தொண்டை கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று கத்திய கத்து அப்படி. இன்றைக்கு மீன் ஏலத்தை வீடியோ எடுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது இல்லை. 2022 உலகக் கோப்பைக் கால்பந்துக் காலிறுதியில் குரோஷியாவிடம் பிரேசில் தோற்றுவிட்டது, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்ததே, அதே இரவு. டீக்கடைத் திண்ணையில் டிவியை வைத்து ஊரே உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் மஞ்சள் சட்டை போட்ட எங்க பிரேசில் கோஷ்டி, அந்தப் பக்கம் வெள்ளையும் நீலமும் கோடு போட்ட அர்ஜென்டினா கோஷ்டி. அவர்கள் ஆட்டம் பன்னிரண்டரைக்குத்தான். எட்டரைக்கே வந்து இடம் பிடித்தது எதற்கு? நாங்கள் தோற்பதைப் பார்க்கத்தான்.

தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை. குரோஷியா கோல்கீப்பர் லிவாகோவிச், என்ன மனுசனோ, எந்தப் பக்கம் அடித்தாலும் கை வருகிறது. எக்ஸ்ட்ரா டைமில் முதல் பாதி முடியப் போகிற நேரம், நெய்மர் ரோட்ரிகோவிடம் கொடுத்து வாங்கி, பக்கேட்டாவிடம் கொடுத்து வாங்கி, கீப்பரையும் சுற்றிக்கொண்டு போய் வலையின் கூரையில் ஏற்றினார் பாருங்கள்! பிரேசிலுக்காக அவருக்கு அது 77ஆவது கோல். பெலேயின் கணக்கைத் தொட்டுவிட்டார். பெலே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற நேரத்தில் இப்படி ஒரு கோல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் 117ஆவது நிமிடம். ஒரு கோல் முன்னால் இருக்கிறோம், மூன்று நிமிடம் பந்தை வைத்துக்கொண்டு நின்றாலே போதும். நம்ம ஆட்கள் என்ன செய்தார்கள்? இரண்டாவது கோலுக்கு ஆசைப்பட்டு முன்னால் ஓடினார்கள். பந்து பறிபோனது, பின்னால் காக்க ஆள் இல்லை. ஓர்சிச் இடது பக்கத்திலிருந்து கொடுக்க, பெட்கோவிச் அடித்த பந்து நம்ம மார்கினோஸ் மேல் பட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டது. அந்த ஆட்டம் முழுக்க குரோஷியா கோலை நோக்கிச் சரியாக அடித்த பந்து அது ஒன்றுதான். ஒன்றே ஒன்று!

ஆட்டம் சமன், இனி அணிக்கு ஐந்து உதை வீதம் பெனால்டி என்றதுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. போன ஆட்டத்தில் ஜப்பானின் மூன்று பெனால்டியைத் தடுத்தவர் இந்த லிவாகோவிச். 2018லும் டென்மார்க், ரஷ்யா இரண்டு பேரையும் குரோஷியா பெனால்டியில்தான் அனுப்பி வைத்தது. அப்படிப்பட்ட அணிக்கு எதிரே முதல் உதைக்கு யாரை அனுப்ப வேண்டும்? இருபத்தொரு வயது ரோட்ரிகோவை அனுப்பினார்கள். பாவம், அதை லிவாகோவிச் தடுத்துவிட்டார். கசெமிரோ போட்டார், பெட்ரோ போட்டார். நாலாவதாக வந்த மார்கினோஸ் கம்பத்தில் அடித்தார். குரோஷியா நாலுக்கு நாலு. முடிந்தது கதை.

நெய்மர்? அவர் ஐந்தாவதாம்! பந்தையே தொடாமல் நடு மைதானத்தில் நின்று அழுகிறார். கடைசியாகத் தின்னலாம் என்று தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைத்த நெய்மீன் துண்டைப் பூனை தூக்கிக்கொண்டு போன கதைதான். ஐந்தாவது உதையில்தான் அழுத்தம் அதிகம், அதனால்தான் அவரை வைத்தோம் என்கிறார் கோச் டிட்டே. அந்த ஐந்தாவது வந்தால்தானே ஐயா? 2012 யூரோ கோப்பை அரையிறுதியில் போர்ச்சுகலின் ரொனால்டோவுக்கும் இதே கதி. ஐந்தாவதாக நின்றார், முறை வருவதற்குள் ஸ்பெயின் ஜெயித்துவிட்டது. பத்து வருசம் கழித்தும் அதையே செய்கிறீர்களே! டிட்டே பதவியை விட்டுப் போய்விட்டார், சரி, எங்களுக்கு என்ன மிஞ்சியது?

குரோஷியா வீரர் பெரிசிச்சின் சின்னப் பையன் ஓடி வந்து, அழுதுகொண்டிருந்த நெய்மருக்குக் கை நீட்டினான் இல்லையா, அங்கேதான் நானும் உடைந்துவிட்டேன். வீட்டுக்குப் போனால் அம்மா, "அவன் கோடி கோடியா வாங்குதான், நீ ஏம்ல சோறு திங்காம கெடக்க?" என்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

இதோடு விட்டதா? அர்ஜென்டினாவாவது தோற்கட்டும் என்று திரும்பவும் திண்ணைக்குப் போனேன். இரண்டு கோல் வாங்கியிருந்த நெதர்லாந்து, கடைசி நொடியில் ஃப்ரீகிக்கை நேரே அடிக்காமல் தரையோடு உருட்டிச் சமன் செய்ததும் நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அதுவும் பெனால்டிக்குப் போனது. அங்கே முதல் உதைக்கு வந்தது யார்? மெஸ்ஸி. நிதானமாகப் போட்டுவிட்டுப் போனார். அவர்கள் கீப்பர் மார்ட்டினெஸ் நெதர்லாந்தின் முதல் இரண்டையும் தடுத்தார், ஜெயித்துவிட்டார்கள். எங்க மாமா ராத்திரி மூன்று மணிக்குச் சரவெடி கொளுத்திவிட்டு, "மருமவனே, ஊருக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்கிறார். பெண் கொடுத்த மாமா இல்லை, அதனால் நானும் நல்லா திருப்பிக் கொடுத்தேன். அதை வீடியோவில் சொல்ல முடியாது.

2002இல் பிரேசில் கோப்பை வாங்கியது. அதற்கப்புறம் பிரான்ஸ், நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், இப்போது குரோஷியா. ஐரோப்பாக்காரன் ஒவ்வொருவனும் முறை வைத்து வெளியே தள்ளுகிறான்.

செவ்வாய் இரவு அரையிறுதியில் அர்ஜென்டினாவும் குரோஷியாவும் மோதுகின்றன. நான் குரோஷியாவுக்குத்தான் கத்துவேன், முடிவு செய்துவிட்டேன். லிவாகோவிச் அண்ணே, எங்களுக்குக் காட்டிய கையை எங்க மாமாவுக்கும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்!