இடைவேளைக்கு அப்புறம் வரும் அத்தியாயம்

நடுவருக்கும் சபைக்கும் வணக்கம். பொன்னாடை எல்லாம் எதிரணித் தலைவர் அண்ணன் பேச்சிலேயே போர்த்திவிட்டார், நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நண்பர்கள் கூடிப் படிக்கிற வட்டத்தில் அடுத்த புத்தகத்தை எடுக்க நல்ல வழி வாக்கெடுப்பா, சீட்டுக் குலுக்கலா? நான் சீட்டு அணி. பயப்படாதீர்கள், மாசச் சீட்டு இல்லை.

எங்கள் வட்டத்திலும் முதலில் வாக்கெடுப்புதான். வாட்ஸ்அப்பில் நாலு பெயர் போடுவோம், ஆளுக்கு ஓர் ஓட்டு. ஒரு தடவை பூமணியின் ‘வெக்கை’ ஜெயித்தது. 1982-இல் வந்த நாவல், நம்ம கரிசல்காட்டுக் கதை. கோவில்பட்டிக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும், அமோக வெற்றி. ஏன் அமோக வெற்றி என்பது கூட்டத்தன்றுதான் தெரிந்தது.

ஒரு நண்பர் எழுந்தார். பெயர் வேண்டாம், முன்வரிசையில்தான் இருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். “அப்பாவோட இளவயசுக் கதை வருதே, அந்தக் காதல், அந்தச் செருப்பு… படிச்சிட்டு ராத்திரி தூக்கமே இல்லைங்க” என்றார். எங்களுக்குத் தலை சுற்றியது. நாவலில் சிதம்பரம் என்கிற சின்னப் பையன் ஒரு கொலையைச் செய்துவிட்டு அப்பாவோடு காடு மேடெல்லாம் ஒளிந்து திரிகிறான். அப்பாவின் காதல் கதை அதில் கிடையவே கிடையாது. “எத்தனாவது அத்தியாயம் அண்ணே?” என்று கேட்டோம். “நடுவுல வரும்.” “நடுவுலன்னா?” கொஞ்சம் யோசித்தார். “இடைவேளை முடிஞ்சதும்!”

நடுவர் அவர்களே, இடைவேளை முடிந்ததும்! மனுஷன் ‘வெக்கை’யை வைத்து 2019-இல் வந்த ‘அசுரன்’ படத்தைப் பார்த்துவிட்டு ஓட்டுப் போட்டிருக்கிறார். சரி, அவர் ஒருவர்தானா? விழுந்து விழுந்து சிரித்தவர்களில் பாதிப் பேர், தங்கள் முறை வருவதற்குள் டீ வாங்கி வருகிறேன் என்று நழுவிவிட்டார்கள். இன்றைக்கும் எங்களில் யாராவது புத்தகத்தை முடிக்காமல் வந்தால் “இடைவேளை வரைக்குமாவது வந்தாச்சா?” என்றுதான் கேட்போம். அந்த நண்பர் வீட்டுக் காதுகுத்துப் பந்தியில், பாயசம் வருவதற்கு முன்னால், “இப்ப இடைவேளைங்களா?” என்று கேட்ட ஆளும் உண்டு. கேட்டது நான்தான்.

எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார். “புத்தகத்தையே குலுக்கி எடுக்கிறவங்க, நாளைக்குப் பையனுக்குப் பொண்ணையும் குலுக்கித்தான் எடுப்பீங்களா?” நீங்களும் கைதட்டினீர்கள். அண்ணே, கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறோமே, அதற்கு என்ன பேர்? சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்கிறோம். நினைத்த பூ வந்தது என்று தட்டு மாற்றிய கல்யாணம் இந்த ஊரில் எத்தனை! வீட்டுக்குப் போய் ஆச்சியிடம் கேளுங்கள், பூ வந்த பிறகுதான் தாத்தாவே வந்திருப்பார். மாறாக, வாக்கெடுப்பு நடத்திப் பொண்ணெடுத்த குடும்பம் ஒன்றைக் காட்டுங்கள், இந்த மைக்கை வைத்துவிட்டு உங்கள் அணிக்கு வருகிறேன். அத்தை ஓட்டு, சித்தப்பா ஓட்டு என்று எண்ணியிருந்தால் நம்மில் பாதிப் பேர் பிறந்தே இருக்க மாட்டோம்!

கல்யாணம் கிடக்கட்டும். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில் ஊர் வாரியத்துக்கே குடவோலை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுத்தார்கள். முந்தின மூன்று வருஷத்துக்குள் பதவி பார்த்தவர் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. அதைத்தான் நாங்களும் காப்பியடித்தோம். ஒருவர் சீட்டு வந்துவிட்டால், மற்ற எல்லார் சீட்டும் வரும் வரை அவர் எழுதக் கூடாது.

எங்கள் வட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார், தையல்காரர். ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ என்பார். தூத்துக்குடி உப்பளத்து ஜனங்களைப் பற்றிய நாவல். விழுகிற ஓட்டு ஒன்று, அவருடையது. குலுக்கலுக்கு மாறிய பிறகு ஒரு மாதம் அந்தச் சீட்டு வந்தது. கூட்டத்தில் அதுவரை வாய் திறக்காத அக்கா அன்றைக்குப் பேசினார். “எங்கம்மா உப்பளத்துல இருந்து வந்ததும் காலை நல்ல தண்ணியில முக்கிட்டு உக்காந்திரும். வெடிப்புக்குள்ள உப்பு எரியும். சோறு போடுன்னு நான் அழுவேன். ஏன் எந்திரிக்க மாட்டேங்குதுன்னு கோவம் வரும். காலைப் பாக்கணும்னு தோணவே இல்லை.” அதற்கு மேல் அவரால் முடியவில்லை. எங்களாலும் முடியவில்லை. இடைவேளை அண்ணன் அழுததை நான் பார்த்தேன்.

மணி அடித்துவிட்டீர்கள், சரி. தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் நடுவர் அவர்களே. அந்த அக்கா பின்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு முதலில் ஒரு கைதட்டு.